சொல் விளக்கம்: பாரியாள்

கேள்வி: கொல்லம் (மலையாள ஆண்டு) 1109 தை மாதம் எழுதிய எங்கள் குடும்பப் பிரமாணத்தில் (பத்திரத்தில்) தாத்தா பெயரை அடுத்து ‘பாரியாள்’ என்று வருகிறது. பாட்டியின் பெயரா அது? இப்போது பாகப்பிரிவினை எழுதப்போகிறோம். எப்படிக் குறிப்பிடுவது?
– வாசகர், தக்கலை

பதில்: பெயரல்ல. மனைவி என்று பொருள். ‘மாடசாமி பாரியாள் இசக்கியம்மை’ என்றிருந்தால், மாடசாமியின் மனைவி இசக்கியம்மை. பாட்டியின் பெயர் அடுத்த சொல்லில்தான் இருக்கும்.

வடமொழி ‘பார்யா’தான் மூலம், ‘தாங்கிக் காக்கப்பட வேண்டியவள்’ என்று பொருள். கணவனைக் குறிக்கும் ‘பர்த்தா’வும் அதே வேரில் பிறந்ததே: தாங்குபவன். (இருவரும் சம்பாதிக்கும் வீடுகளில் இந்த விளக்கத்தைச் சற்றுத் தணிந்த குரலில் சொல்வது நல்லது.) ‘ர்ய’ தமிழ் நாவில் நிற்காது. கார்யம் காரியமானது, சூர்யன் சூரியனானான். அப்படியே பார்யா, பாரியா ஆயிற்று. ஈற்று ஆகாரம் ஐகாரமாகி, சபா சபையானதுபோல, ‘பாரியை’ வந்தது. பெண்பாலுக்குரிய ‘ஆள்’ ஏறியது ‘பாரியாள்’. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் ‘பார்ய’ இன்றும் அன்றாடப் பேச்சு. இந்தப் பக்கம் வீட்டில் பெஞ்சாதியும் பொண்டாட்டியும் இருக்க, பாரியாள் பத்திரத்தோடு நின்றுவிட்டாள்.

பழைய கையெழுத்தில் புள்ளி வைப்பது அரிது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் ‘பாரியாள் இசக்கியம்மை’ முழுவதையும் ஒரே பெயராக வாசித்து, புதுப் பத்திரத்திலும் அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். பிறகு வாரிசுச் சான்றில் உள்ள பெயரோடு அது பொருந்தாமல் இழுபறியாகிறது.

சொத்து வந்த வரலாற்றைச் சொல்லும் பத்தியில் ‘மாடசாமியின் மனைவி இசக்கியம்மை’ என்றே எழுதுங்கள். இறப்புச் சான்றில் ‘இசக்கியம்மாள்’ என்றிருந்தால் ‘இசக்கியம்மை என்ற இசக்கியம்மாள்’ என இரண்டையும் சேருங்கள். இன்று கையெழுத்திடும் பெண்களுக்கு வழக்கமான ‘க/பெ’ போதும்.

பழைய பிரமாணத்தின் எண்ணையும் கொல்லம் தேதியையும் உள்ளபடியே எடுத்தெழுதி, ஆங்கிலத் தேதியைப் பக்கத்தில் கொடுங்கள். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால், அன்று முதல் டிசம்பர் முடிய 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். உங்கள் 1109 தை, 1934. ஆண்டு முழுவதற்கும் 824 என்று கூட்டி 1933 எனப் போட்டுவிட்டால், பதிவு அலுவலகத்தில் வேறொரு வருடத்துப் புத்தகத்தைத்தான் புரட்டிக்கொண்டிருப்பார்கள்.