ஏசி குளிரவில்லை என்றால் கேஸ் தீர்ந்துவிட்டதா?

கேள்வி: 1.5 டன் ஸ்ப்ளிட் ஏசி, வாங்கி மூன்று வருடம் ஆகிறது. காற்று வருகிறது, அறை குளிர்வதில்லை. மெக்கானிக் கேஜ் (கேஸின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர்) கூட மாட்டிப் பார்க்காமல், "கேஸ் தீர்ந்துடுச்சு, நிரப்பணும்" என்கிறார். போன வருடமும் நிரப்பினோம். வருடா வருடம் நிரப்பத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ஏசியில் கேஸ் செலவாவதே இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த வருடமும் இதே செலவு காத்திருக்கும்.

கேஸ் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்பதை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ரிமோட் 'கூல்' மோடில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். 'டிரை' மோடில் கிடக்கும் ஏசிக்காக மெக்கானிக்கைக் கூப்பிடுவோர் நிறையப் பேர். பிறகு ஃபில்டரைக் கழற்றித் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். ஃபேனைக் கூட்டி வைத்து, செட்டிங்கைக் குறைத்து 15 நிமிடம் ஓட விடுங்கள். சாதாரணத் தெர்மாமீட்டரால் இன்டோர் யூனிட்டின் மேல்பக்கம் உள்ளே போகும் காற்றையும், கீழே வெளிவரும் காற்றையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் மெஷின் வேலை செய்கிறது. புழுக்கமான நாளில் இது சற்றுக் குறையும். வித்தியாசம் சரியாக இருந்தும் அறை குளிரவில்லை என்றால், மொட்டை மாடி வெயில், திறந்த கதவு, அறைக்குப் போதாத டன் அளவு இவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வித்தியாசம் குறைவாக இருந்தால் அவுட்டோர் யூனிட்டுக்கு வாருங்கள். பக்கவாட்டில் இரண்டு செம்புக் குழாய்கள் வால்வில் சேருகின்றன. நன்றாக ஓடும் ஏசியில் தடித்த குழாய் தொட்டால் ஜில்லென்று, வியர்த்திருக்கும். தடித்தது குளிராமல், மெல்லிய குழாயின் நட்டில் மட்டும் வெள்ளையாகப் பனி படிந்திருந்தால் கேஸ் குறைவுதான் முதல் சந்தேகம். தடித்த குழாயே பனி கட்டியிருந்தால் பெரும்பாலும் ஃபில்டரோ இன்டோர் காயிலோ (காற்றைக் குளிர்விக்கும் தகடும் குழாயும் சேர்ந்த பகுதி) அடைத்துக் காற்றோட்டம் குறைந்திருக்கும். ஏசியை நிறுத்தி, 'ஃபேன்' மோடில் ஓட்டி ஐஸ் முழுவதும் உருகிய பின் காயிலைச் சர்வீஸ் செய்யச் சொல்லுங்கள். அவுட்டோர் காயிலில் தூசி அப்பியிருந்தாலும் குளிர் குறையும். பிரேக்கரை அணைத்துவிட்டு மெதுவான தண்ணீரில் கழுவலாம். பிரஷர் வாஷர் வேண்டாம், அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும்.

கசிவுதான் என்று உறுதியானால் முதலில் நட்டுகளைப் பாருங்கள். கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், சோப்பு நுரை தடவினால் குமிழி கிளம்பும். குழாயில் தெரியாத கசிவுக்கு நைட்ரஜன் அடைத்துச் சோதிக்க வேண்டும். கசிவை அடைத்த பிறகு வாக்யூம் பம்ப் போட்டு, பம்பை நிறுத்தியதும் கேஜ் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, அவுட்டோர் யூனிட் லேபிளில் உள்ள கிராம் கணக்குப்படி எடை போட்டு நிரப்ப வேண்டும். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் கேஜைப் பார்த்து மட்டும் நிரப்புவது சரிவராது. வாக்யூம் இல்லாமல் நிரப்பினால் குழாய்க்குள் தங்கும் காற்றும் ஈரமும் கம்ப்ரசரைக் கெடுக்கும். கசிந்த இடம், கேஸின் வகை, நிரப்பிய கிராம் மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். வாரன்டி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். கம்ப்ரசருக்கு உள்ள நீண்ட வாரன்டி காயிலுக்கும் பொருந்துமா என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

கேள்வி: எங்கள் சாதாரண (இன்வெர்ட்டர் அல்லாத) ஏசியில் கம்ப்ரசர் உறுமிவிட்டுச் சில நொடிகளில் நின்றுவிடுகிறது. கம்ப்ரசரையே மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: முதலில் கெபாசிட்டரை (கம்ப்ரசர் கிளம்ப உதவும் சிறிய மின் பாகம்) சோதிக்கச் சொல்லுங்கள். இந்த அறிகுறிக்கு அதுவே அடிக்கடி காரணம். விலையும் கம்ப்ரசரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. மேலே அச்சிட்டிருக்கும் மைக்ரோஃபாரட் அளவைவிட மீட்டரில் வெகுவாகக் குறைவாகக் காட்டினாலோ, தலைப்பகுதி உப்பியிருந்தாலோ மாற்ற வேண்டும். கரன்ட்டை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும், நீங்களே கை வைக்காதீர்கள். கெபாசிட்டர் சரியாக இருந்தால், வோல்டேஜையும் அளந்த பின்புதான் கம்ப்ரசர் பேச்சுக்கு வர வேண்டும்.