அணைத்தாலும் மினுங்கும் லைட், கேட்காத சுவிட்ச்: வாசகர் கேள்விகள்

கே: ஸ்மார்ட் சுவிட்சை ஆஃப் செய்த பிறகும் எல்இடி பல்பு லேசாக மினுங்குகிறது. சுவிட்ச் பழுதா?

ப: பெரும்பாலும் இல்லை. உங்களுடையது நியூட்ரல் வயர் தேவைப்படாத சுவிட்சாக இருக்கலாம். அது இயங்குவதற்கான மின்சாரத்தைப் பல்பு வழியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. பழைய குண்டு பல்பில் இந்தக் கசிவு தெரியவே தெரியாது. எல்இடி மினுங்க இதுவே போதும். இந்தக் கசிவைப் பல்புக்குள் போகாமல் திருப்பிவிட, சுவிட்ச் தயாரித்த நிறுவனம் சொல்லும் பைபாஸ் கெபாசிட்டரைப் பல்புக்கு இணையாக மாட்டலாம். சுவிட்ச் பெட்டி வரை நியூட்ரல் இழுக்க வழியிருந்தால், அதைச் செய்து நியூட்ரல் உள்ள சுவிட்சுக்கு மாறுவதுதான் நல்லது.

கே: எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தும்போதெல்லாம் ரிலே போர்டு (லைட், ஃபேன்களை ஆன்-ஆஃப் செய்யும் மின்னணு சுவிட்ச் பலகை) ரீசெட் ஆகி, எல்லா லைட்டும் அணைந்துவிடுகிறது.

ப: நிறுத்தும்போது மட்டும் வருகிறது என்று கவனித்தீர்களே, அதுதான் துப்பு. மோட்டார் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று துண்டித்தால் வோல்டேஜ் எகிறி, ரிலே காண்டாக்டில் பொறி பறக்கும். அந்த இரைச்சல்தான் போர்டைக் குழப்புகிறது. 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 ரகக் (மெயின் மின்சாரத்தில் நேரடியாக மாட்டத் தகுந்த) கெபாசிட்டரும் 100 ஓம் ரெசிஸ்டரும் தொடராக உள்ள, பொறியை அடக்கும் ஸ்னப்பரை ஃபேனுக்கு இணையாகப் போடச் சொல்லுங்கள். ரிலே காண்டாக்டுக்கு இணையாகப் போடுபவர்களும் உண்டு. ஆனால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அது சுமார் 7 மில்லிஆம்பியரைக் கசியவிடும். அதே ரிலேயில் எல்இடியும் இருந்தால் முதல் கேள்வியில் பார்த்த மினுங்கல் வந்துவிடும். மெயினை ஆஃப் செய்யாமல் எதையும் தொடாதீர்கள்.

கே: வீட்டில் எக்ஸ்10 மாட்யூல்கள் பல வருடமாக நன்றாக ஓடின. புது டிவி வாங்கியதிலிருந்து பாதி லைட்டுகள் கட்டளைக்கு மசிவதில்லை. டிவி ஓடாதபோதும் இதே கதை.

ப: இந்தக் கடைசி வரிக்காக உங்களுக்கு நன்றி. எக்ஸ்10 தன் கட்டளையை வீட்டு மின்கம்பியிலேயே 120 கிலோஹெர்ட்ஸ் சிக்னலாக அனுப்புகிறது. டிவி, கம்ப்யூட்டர், அடாப்டர் போன்றவற்றுக்குள் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒரு ஃபில்டர் கெபாசிட்டர் இருக்கும். 0.1 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அது ஏறக்குறைய 32,000 ஓம் தடை, கண்டுகொள்ளவே வேண்டாம். 120 கிலோஹெர்ட்ஸுக்கோ வெறும் 13 ஓம்! சிக்னல் அங்கேயே வடிந்துவிடுகிறது. ஆகவே ரிமோட்டில் அணைத்துச் சோதித்தால் பயனில்லை, பிளக்கையே உருவ வேண்டும். ஒவ்வொன்றாக உருவி, தொலைவில் உள்ள லைட்டைப் போட்டுப் பாருங்கள். எதை உருவியதும் லைட் எரிகிறதோ அதுதான் சிக்னலை விழுங்குகிறது. அதன் பிளக்குக்கு முன்னால், சிக்னலை உள்ளே போகவிடாமல் தடுக்கும் எக்ஸ்10 ஃபில்டர் ஒன்றைச் செருகினால் போதும், டிவியை மாற்ற வேண்டியதில்லை.

ஒரு சாதனம் ஓடும்போது மட்டும் தொல்லை வந்தால், அது சிக்னலை விழுங்கவில்லை, இரைச்சலைக் கக்குகிறது என்று பொருள். அதற்கும் இதே ஃபில்டர் உதவும். மும்முனை இணைப்பு உள்ள வீடாக இருந்து, குறிப்பிட்ட சில அறைகள் எப்போதுமே கேட்காவிட்டால், அவை வேறு ஃபேஸில் இருக்கலாம். அப்போது வேண்டியது, சிக்னலை ஒரு ஃபேஸிலிருந்து மற்றதுக்குக் கடத்தும் ஃபேஸ் கப்ளர்.

கே: யாரும் தொடாமலே நடு ராத்திரியில் லைட் எரிகிறது. சுவர் சுவிட்சிலிருந்து கன்ட்ரோலருக்கு 12 மீட்டர் வயர், மெயின் வயர் போகும் அதே பைப்பில்.

ப: அந்த வயர் ஆன்டெனா போல வேலை செய்கிறது. முதலில் அதைத் தனிப் பைப்புக்கு மாற்றுங்கள். இரண்டும் ஒரே பைப்பில் இருப்பது ஆபத்தும்கூட. அப்புறம் கன்ட்ரோலர் இன்புட்டில் 4.7 கிலோ ஓம் புல்-அப் (இன்புட்டை சப்ளை வோல்டேஜோடு இணைத்து நிலையாக வைக்கும் ரெசிஸ்டர்), இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், சிக்னல் நிலைக்கிறதா என்று பார்க்க மென்பொருளில் 50 மில்லிசெகண்ட் காத்திருப்பு. இவ்வளவு செய்தும் நிற்காவிட்டால் ஆப்டோகப்ளர் (வயரையும் கன்ட்ரோலரையும் மின் இணைப்பு இல்லாமல் ஒளியால் இணைக்கும் சிப்) வைத்துவிடுங்கள்.

கே: ஜிக்பீ (2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் இயங்கும் ஸ்மார்ட் வீட்டு முறை) பல்புகள் அடிக்கடி ஆஃப்லைன் ஆகின்றன.

ப: யுஎஸ்பி 3.0 போர்ட்டின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரை பரவும். உங்கள் ஜிக்பீ டாங்கிளை (பல்புகளோடு பேசும் யுஎஸ்பி கருவி) அதில் நேராகச் செருகியிருந்தால், ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள். வைஃபை 1-ஆம் சேனலில் இருந்தால் ஜிக்பீயை 25-க்கு மாற்றலாம். சில பல்புகளை மறுபடி இணைக்க வேண்டிவரும்.