வாசகர் கேள்வி – பதில்: தெர்மோபைலேயில் நின்றவர்கள்

கேள்வி: தெர்மோபைலேப் போரில் 300 ஸ்பார்ட்டா வீரர்கள் பாரசீகப் பெரும்படையை எதிர்த்ததாகப் படித்தேன். உண்மையில் 300 பேர்தானா? தோற்றுப்போன போரை அஞ்சாத எதிர்ப்பின் அடையாளமாக ஏன் போற்றுகிறார்கள்?

பதில்: முந்நூறு என்பது கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டாவின் கணக்கு மட்டுமே. கி.மு. 480இல் பாரசீக மன்னர் செர்க்ஸஸின் படையைத் தடுக்க, ஸ்பார்ட்டா மன்னர் லியோனிடாஸின் தலைமையில் தெர்மோபைலேக் கணவாயில் திரண்ட கிரேக்கர்கள் ஏறத்தாழ 7,000 பேர். எதிரிகளைப் பல இலட்சமாகப் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பெருக்கிச் சொல்வதை இன்றைய வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை என்றாலும், அது பல மடங்கு பெரிய படை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒருபுறம் மலையும் மறுபுறம் கடலும் நெருக்கிய வழியில், பழைய மதிலொன்றைச் செப்பனிட்டு நின்ற ஈட்டி வரிசையின் முன்னே அந்தப் பெருக்கம் இரண்டு நாள் பயன்படவில்லை. (ஆற்று வண்டல் படிந்து கடல் சில கிலோமீட்டர் விலகிவிட்டதால், இன்று அங்கே செல்பவருக்குக் கணவாய் எங்கே என்ற திகைப்பே மிஞ்சும்.)

கிரேக்கர்களின் பின்புறம் சென்று சேரும் மலைப்பாதையை எஃபியால்ட்டெஸ் என்பவன் பாரசீகர்களுக்குக் காட்டிக்கொடுத்தபின், மூன்றாம் நாள் பெரும்பாலோர் திரும்பிச் சென்றனர். நின்றவர்களில் தீப்ஸ் நகரத்தார் கடைசியில் சரணடைந்தனர். ஸ்பார்ட்டா வீரருக்குப் புறங்கொடுத்தல் ஊர் வழக்கப்படியே தகாது. என்னை வியக்க வைப்பவர்கள், தெஸ்பியே என்ற சிற்றூரிலிருந்து டெமோஃபிலஸின் தலைமையில் வந்த 700 பேர்தான். திரும்பிப் போக வழி திறந்திருந்தும், முடிவு இன்னதென்று தெரிந்தும், அவர்கள் போகவில்லை. ஈட்டிகள் முறிந்தன, பின்னர் வாளாலும், அதுவும் இல்லாதவர்கள் கையாலும் பல்லாலும் ஒரு சிறு குன்றின்மேல் போரிட்டதாகவும், அம்புமாரியில் மடிந்ததாகவும் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். 1939இல் அந்தக் குன்றைத் தோண்டியபோது அம்புமுனைகள் ஏராளமாகக் கிடைத்தன.

இந்தப் போரே கிரேக்கத்தைக் காத்தது என்பது மிகை. இதன் பிறகும் ஏதென்ஸ் எரிந்தது. அலை திரும்பியது கிரேக்கர்கள் வென்ற சலாமிஸ் கடற்போரில்தான். எனவே போற்றப்படுவது போரின் பயன் அன்று, தெரிந்தே நின்ற அந்த முடிவு. ஆனால் புகழ் மட்டும் சரியாகப் பங்கிடப்படவில்லை. தெஸ்பியே நகரைப் பாரசீகர்கள் கொளுத்தினார்கள்; போர்க்களத்தில் லியோனிடாஸுக்கு 1955இல் சிலை எழுந்தது, தெஸ்பியே வீரர்களுக்கான சின்னம் 1997இல்தான் வந்தது.