இரண்டு கடை, இரண்டு பேச்சு: எந்த மதர்போர்டு வாங்குவது?

கேள்வி: என் மகன் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போவதாகச் சொல்கிறான். பிராசசர் இன்டெல் ஐ5-12400எஃப் என்று முடிவு செய்துவிட்டான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் "எச்610 போர்டு போதும்மா" என்றார்கள். அடுத்த கடையில் "இசட்790 எடுங்க, பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை" என்றார்கள். விலையில் பெரிய வித்தியாசம். கிராஃபிக்ஸ் கார்டு அடுத்த வருடம்தான் வாங்க முடியும். படிப்பும் கொஞ்சம் வீடியோ எடிட்டிங்கும்தான் வேலை. எதை வாங்கட்டும்?
— வாசகி, பெரம்பூர்

பதில்: போர்டை அப்புறம் பார்ப்போம், முதலில் பிராசசர். 12400எஃப்-இல் கடைசியில் இருக்கும் 'எஃப்' எழுத்தைக் கடைக்காரர்கள் இருவருமே உங்களுக்கு விளக்கவில்லை போலிருக்கிறது. எஃப் இருந்தால் அந்தப் பிராசசருக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. போர்டில் எச்டிஎம்ஐ போர்ட் இருக்கும், ஆனால் மானிட்டரில் ஒன்றும் தெரியாது. கார்டு வாங்க ஒரு வருடம் ஆகும் என்கிறீர்கள். அதுவரை பெட்டியை என்ன செய்வது? எஃப் இல்லாத 12400 கொஞ்சம் விலை கூடுதல்தான். அதையே எடுங்கள். உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ், வீடியோ எடிட்டிங்குக்கும் கைகொடுக்கும்.

இப்போது போர்டு. இசட் வரிசை, பிராசசரின் வேகத்தைக் கூட்டி ஓட்டுகிறவர்களுக்கு, அதாவது ஓவர்கிளாக் செய்கிறவர்களுக்கு. அதற்குப் பெயரில் 'கே' உள்ள பிராசசர் வேண்டும். உங்களுடையது அது இல்லை. ஆக, இசட்790-க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தால் உங்கள் மகனுக்கு உருப்படியாக எதுவும் கிடைக்காது. பத்து வருடப் பேச்சும் சரியில்லை. இந்தப் போர்டுகளில் பிராசசரைப் பொருத்தும் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் 12, 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசர்கள் உட்காரும். 2024-இல் இன்டெல் சாக்கெட்டையே மாற்றிவிட்டது.

எச்610-இல் கம்ப்யூட்டர் ஓடும். ஆனால் ரேம் ஸ்லாட் இரண்டுதான், கோப்புகளைச் சேமிக்கும் எம்.2 எஸ்எஸ்டி-க்கு இடம் பெரும்பாலும் ஒன்றுதான், அதுவும் பழைய ஜென் 3 வேகம். வீடியோ கோப்புகள் சேரச் சேர இடம் போதாமல் போகும். இரண்டுக்கும் நடுவில் உள்ள பி760-ஐத்தான் நான் சொல்வேன். நான்கு ரேம் ஸ்லாட், இரண்டு எம்.2, பவர் பகுதியின் மேல் சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க் இருக்கும் மாடலாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். 12400 முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கும். ஏ.சி. இல்லாத அறையில், மே மாதச் சென்னை வெயிலில், அந்த அலுமினியக் கட்டி இருப்பதே நல்லது. ஒரே பெயரில் டிடிஆர்4, டிடிஆர்5 என்று இரண்டு வகை போர்டு வரும். ஒன்றின் ரேம் மற்றதில் பொருந்தாது. பெட்டியில் எது என்று பார்த்துவிட்டு ரேம் வாங்குங்கள்.

"நாலு வருஷம் கழிச்சுப் பிராசசரை மட்டும் மாத்தணும்" என்று மகன் நினைத்தால், இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி-யின் ஏஎம்5 சாக்கெட்டில் ஒரு பி650 போர்டும் ரைசன் 5 7600 பிராசசரும் பார்க்கலாம். 2027-க்கு அப்பாலும் அந்தச் சாக்கெட்டைத் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. டிடிஆர்5 ரேம்தான் போட முடியும் என்பதால் செலவு கூடும்.

எந்தப் போர்டானாலும் கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே சுமார் 1700 பின்கள், தலைமுடி மாதிரி. செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் வளைந்தது தனியாகத் தெரியும். சில வருடங்களுக்கு முன் நான் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் திறந்தால் ஒரு மூலையில் மூன்று பின்கள் படுத்திருந்தன. "நீங்கதான் வளைச்சிருப்பீங்க" என்று கடையில் கையை விரித்தார்கள். வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடையாது என்று சர்வீஸ் சென்டரிலும் சொல்லிவிட்டார்கள். முழுப் பணமும் போயிற்று. அந்த மூடியைத் தூக்கிப் போடாதீர்கள், வாரண்டிக்கு அனுப்பும்போது தேவைப்படும்.

"பில் இல்லாம எடுத்தா ரேட் குறையும்" என்பார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று தோன்றும். வேண்டாம். வாரண்டி கேட்கப் போனால் பில்தான் பேசும். போர்டின் சீரியல் நம்பரைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: என் பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்திருக்கிறது. போர்டில் ஒரு ரேம் ஸ்லாட் வேலை செய்யவில்லை. ஒன்றும் கேட்க முடியாதா?
— வாசகர், குரோம்பேட்டை

பதில்: தாராளமாகக் கேட்கலாம். பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு எதுவும் குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் தராமல் இருப்பதும் அதே கணக்குதான். முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காமல் வையுங்கள். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டுப் புகாரைப் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். இன்றைக்கே அந்த ஸ்லாட்டில் ரேமைப் போட்டு, கம்ப்யூட்டர் எழும்பாமல் நிற்பதை ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள், போர்டின் சீரியல் நம்பரும் அதில் தெரியட்டும்.