பத்துத் தட்டு, ஒரு கோஷர் சமையலறை: மளிகைச் செலவு கேள்வி பதில்

நான் பிறந்தது பாளையங்கோட்டை. குடியிருப்பது நியூஜெர்சியில் ஹைலண்ட் பார்க். கணவர் யூதர், நானும் முறைப்படி மதம் மாறி இருபது வருடம் ஓடிவிட்டது. ஏழு பிள்ளைகள், மாமியார், நாங்கள் இருவர் என வேளைக்குப் பத்துத் தட்டு. எங்கள் சமையலறை கோஷர். அதாவது யூதச் சட்டப்படி அறுத்த கறி மட்டும் வாங்குவோம். கறியும் பாலும் சேராது, இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம். பொட்டலத்தில் வருவதற்குக் கோஷர் என்று சான்று சொல்லும் முத்திரை வேண்டும். இரண்டிலும் சேராத காய்கறி, பருப்பு, முட்டை, மீன் வகைக்குப் பார்வே என்று பெயர். இதையெல்லாம் வைத்துக்கொண்டு மாதச் செலவை எப்படிச் சமாளிக்கிறேன் என்று பலர் கேட்டார்கள். கையில் இருக்கும் கணக்கு நோட்டைப் பார்த்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி (டாலஸ்): என் மகள் யூதக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், ஐந்து பிள்ளைகள். அவள் வீட்டு மளிகை பில்லைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. கோஷர் என்றாலே இவ்வளவு விலையா, இல்லை இவள் கை தாராளமா?

பதில்: இரண்டும் இருக்கலாம் அம்மா. முதலில் கறி. பைபிளில் யாக்கோபு ஒரு தூதனோடு விடியவிடிய மல்லுக்கட்டி, தொடைச்சந்து சுளுக்கி, நொண்டிக்கொண்டு போன கதையை ஞாயிறு பள்ளியில் படித்திருப்பீர்கள். அதன் நினைவாக யூதர்கள் அந்தத் தொடை நரம்பைச் சாப்பிடக் கூடாது. மாட்டின் பின்பாதியில் ஓடும் அந்த நரம்பையும், விலக்கப்பட்ட கொழுப்பையும் இழை இழையாக எடுக்கக் கை பழகிய ஆள் வேண்டும், நேரமும் பிடிக்கும். அதற்குக் கூலி கொடுப்பதைவிடப் பின்பாதியை அப்படியே சாதாரணச் சந்தையில் விற்றுவிடுவது அமெரிக்காவில் சுலபம். அதனால் எங்கள் கறிக்கடையில் கழுத்து, தோள், நெஞ்சு, விலா எல்லாம் கிடைக்கும். பின்பாதியின் நல்ல துண்டுகளைப் பார்க்கவே முடியாது. அறுத்த பிறகு நுரையீரலைத் தடவிப் பார்ப்பார்கள். வழவழவென்று இருந்தால் அது 'கிளாட்'. தேறாத மாடு வெளிச்சந்தைக்குப் போய்விடும். தேறிய கறியை அரைமணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் உப்பில் போட்டு இரத்தத்தை வடிக்க வேண்டும். அறுப்பவர், சோதிப்பவர், மேற்பார்வையாளர் என்று இத்தனை பேர் சம்பளமும் அந்த முன்பாதியின் தலையில்தான் விழுகிறது.

அடுத்தது பாலாடைக்கட்டி. தயாரிக்கும்போதே மேற்பார்வை வேண்டும், உறை ஊற்றும் பொருளும் கோஷராக இருக்க வேண்டும். இதற்கும் விலை கூடத்தான்.

ஆக, விலை கூடுவது கறியிலும் பாலாடைக்கட்டியிலும் பொட்டலத்திலும். மற்றது உங்கள் வீட்டு விலைதான். வாரத்தில் எத்தனை நாள் மாட்டுக்கறி என்று கேட்டுப் பாருங்கள். மகளிடம் கேளுங்கள், சம்பந்தியிடம் வேண்டாம்.

கேள்வி (கோவை): பேசாமல் சைவத்துக்கு மாறிவிட்டால் என்ன?

பதில்: ஞாயிறு முதல் வியாழன் வரை எங்கள் வீடு முக்கால்வாசி சைவம்தான். சேமிப்பே அங்கேதான். உடைத்த பருப்பு, அரிசி, முழு மிளகு, சீரகம், மல்லி, உப்பு, சர்க்கரை, முட்டை, பச்சைக் காய் எதற்கும் முத்திரை வேண்டாம், பிறவியிலேயே கோஷர். எடிசன் பக்கம் இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோடு எங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கே துவரம்பருப்பும் உளுந்தும் பெரிய பையாக எடுத்தால், யூதக் கடையில் சின்னச் சின்னப் பாக்கெட்டாக வாங்குவதைவிட எவ்வளவோ குறைவு. இட்லி பார்வே, சாம்பார் பார்வே. காலையில் மிஞ்சிய சாம்பாரை இரவில் கோழியோடும் சாப்பிடலாம், அடுத்த நாள் தயிர்ச்சோற்றோடும் சாப்பிடலாம். ஒரே நிபந்தனை, அது பார்வே பாத்திரத்தில் கொதித்திருக்க வேண்டும். பெரிய பார்வே பானை ஒன்று வாங்கிய பிறகு எங்கள் வீட்டில் மிச்சம் வீணாவது பாதியாகக் குறைந்தது.

மசாலாவை வறுத்து நானே அரைத்துவிடுவேன், அதனால் பொடிக்கு முத்திரை தேடும் வேலை இல்லை. எண்ணெய்க்குக் கட்டாயம் பார்ப்பேன். பெருங்காயத்தை மறந்துவிடாதீர்கள்: டப்பாவில் வருவது கோதுமை மாவோ வேறெதுவோ சேர்த்த கலவை.

வெள்ளி பொழுது சாய்ந்ததும் தொடங்கிச் சனி இரவு முடியும் ஓய்வுநாளான ஷபாத்துக்கு மட்டும் கோழி இல்லாமல் முடியாது. என் மாமியார் இருக்கும் வீட்டில் வெள்ளிக்கிழமை இரவு சாம்பாரோடு முடித்துவிட்டு நான் நிம்மதியாகத் தூங்க முடியுமா?

கேள்வி (செர்ரி ஹில்): எந்த முத்திரை, எந்தப் பால் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். விலை அதிகமானதைத்தான் வாங்க வேண்டுமா?

பதில்: வட்டத்துக்குள் யூ எழுத்து இருந்தால் அது ஆர்தடாக்ஸ் யூனியன். பக்கத்தில் டி இருந்தால் பால் சேர்ந்தது. பி இருந்தால், புளித்த மாவை விலக்கும் பெசாக் பண்டிகைக்கு ஆனது. அதைப் பார்வே என்று நினைத்துக் கறியோடு பரிமாறப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த முத்திரை யூதக் கடையில் மட்டும் இருப்பதில்லை. காஸ்ட்கோவின் கிர்க்லண்ட் சரக்கில் எத்தனையோ பொட்டலத்தில் இருக்கிறது. முதலில் அங்கே போங்கள், அங்கே கிடைக்காததற்கு மட்டும் யூதக் கடைக்கு வாருங்கள்.

பாலில்தான் வழக்கு. கறக்கும்போதே யூதர் ஒருவர் மேற்பார்வையில் இருந்த பாலுக்கு 'ஹோலோவ் இஸ்ரோயேல்' என்று பெயர், விலை கூட. அமெரிக்காவில் அரசாங்கக் கண்காணிப்பு இருக்கிறது, கம்பெனிக்காரன் தண்டனைக்குப் பயந்து, கோஷரில் ஆகாத மிருகத்தின் பாலைக் கலக்க மாட்டான், அதனால் சாதாரணக் கடைப்பாலே போதும் என்று ராபி (யூத மதகுரு) மோஷே ஃபைன்ஸ்டைன் சென்ற நூற்றாண்டிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார். இருந்தாலும் பல குடும்பங்கள் மேற்பார்வைப் பாலைத்தான் வாங்குகின்றன. இது உங்கள் ராபியும் நீங்களும் பேசி முடிக்க வேண்டியது. எங்கள் வீட்டில் கடைப்பால்தான், வாரத்துக்கு ஐந்து காலன்.

கேள்வி (எடிசன்): கோழி விலை கட்டுப்படியாகவில்லை. பத்துப் பேருக்கு எப்படிப் பங்கு வைக்கிறீர்கள்?

பதில்: நெஞ்சுக்கறியை எலும்பு நீக்கித் தட்டில் அடுக்கி விற்கிறார்களே, அந்தப் பக்கமே போகாதீர்கள். முழுக்கோழி வாங்கி நீங்களே வெட்டுங்கள். இரண்டு கோழி, கோழிக்கு எட்டுத் துண்டு, வெள்ளி இரவுக்கு. முதுகெலும்பு, கழுத்து, இறக்கை நுனி சூப்புக்கு. நான்கு கேரட், இரண்டு வெங்காயம், ஒரு கட்டு பார்ஸ்லி கீரை போட்டு மூன்று மணி நேரம் கொதித்தால் இரண்டு நாளைக்கு வரும். மேலே திரளும் கொழுப்பை வழித்து எடுத்து, உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்டெடுக்கும் குகல் செய்ய வைத்துக்கொள்வேன். சூப்பில் வெந்த கறியைப் பிய்த்து, ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் மிளகு போட்டுப் பிரட்டினால் பிள்ளைகளுக்கு அடுத்த சாப்பாடு. ஒன்று கவனியுங்கள்: கோஷர் கோழி கடைக்கு வரும் முன்பே உப்பில் கிடந்தது. நம் ஊர்க் கைக்கணக்கில் உப்புப் போட்டால் வாயில் வைக்க முடியாது. கல்யாணமான புதிதில் நான் வைத்த முதல் குழம்பை என் கணவர் முகத்தைச் சுளிக்காமல் சாப்பிட்டார். பாவம்.

சனிக்கிழமை மதியத்துக்குச் சோலண்ட். அன்றைக்கு அடுப்பைத் தொடக் கூடாது என்பதால் வெள்ளி மாலையே பானையை ஏற்றி, இரவு முழுக்கச் சிறுசூட்டில் விடுகிற சாப்பாடு இது. பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கோடு எலும்பு ஒட்டிய கழுத்துக்கறி ஒரு பவுண்டு. பத்துப் பேருக்கு அந்த ஒரு பவுண்டு போதும். ஏழைகள் கண்டுபிடித்த சமையல், மலிவாகத்தான் இருக்கும். அதில் நெஞ்சுக்கறியைக் கொட்டிப் பணக்காரச் சோலண்ட் ஆக்குகிறவர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

கேள்வி (டொராண்டோ): தப்பாகப் பால் கரண்டி கறிப் பானையில் பட்டுவிட்டால் மொத்தத்தையும் கொட்டிவிடுகிறேன். மாதத்துக்கு இரண்டு தடவையாவது நடக்கிறது.

பதில்: ஐயோ, கொட்டாதீர்கள். முதல் வருடம் நானும் இப்படித்தான் கொட்டினேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பொழுது சாய இரண்டு மணி நேரம் இருக்கும்போது, என் நான்காவது பையன் பால் டம்ளரோடு அடுப்பருகே வந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு ஸ்பூன் அளவு பாலைச் சோலண்டில் சிந்திவிட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ராபிக்குப் போன் போட்டேன். அவர் கேட்டது இரண்டே கேள்வி: பால் எவ்வளவு, பானை எவ்வளவு? ஆறு லிட்டர் பானை என்றேன். தவறிப்போய் விழுந்தது அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் அது கணக்கில் இல்லை, நன்றாகச் சாப்பிடுங்கள் என்றார். நூறில் ஒரு பங்குகூட அங்கே இல்லை. வேண்டுமென்றே கலந்தால் இந்தச் சலுகை கிடையாது.

கரண்டி பட்டால் கணக்கு வேறு. கரண்டி சூடா, கடைசியாக எப்போது பாலில் பட்டது என்று கேட்பார்கள். நீங்களாக முடிவு செய்யாமல் பானையை அப்படியே வைத்துவிட்டுக் கேளுங்கள். பெரிய நஷ்டம் வருமா என்பதையும் யூதச் சட்டம் சில இடங்களில் எடை போடுகிறது. சில ஆயிரம் வருடமாக ஏழைக் குடும்பங்களுக்குத் தீர்ப்புச் சொல்லி வந்தவர்களுக்கு ஒரு பானைச் சோலண்டின் விலை தெரியும்.

கேள்வி (சிகாகோ): பூச்சி இல்லை என்று சான்றிதழோடு வரும் கீரை, காலிஃபிளவர் பாக்கெட் யானை விலை விற்கிறது. வேறு வழி?

பதில்: பூச்சி தின்பது பெரிய தடை, அதனால்தான் அந்தப் பாக்கெட்டுக்கு மவுசு. வழி நம் ஊரிலேயே இருக்கிறது: காலிஃபிளவரை உப்புத் தண்ணீரில் போட்டு எடுக்காமல் எந்தத் தமிழ் அம்மா சமைத்தாள்? இங்கே இன்னும் கண்டிப்பு. வெள்ளைப் பேசின், பளிச்சென்ற விளக்கு, அலசிய தண்ணீரை உற்றுப் பார்க்க வேண்டும். முறையை ஒருமுறை நேரில் கற்றுக்கொள்ளுங்கள். கீரைக்கு உழைக்கலாம். புராக்கோலிக்கு மட்டும் நான் தோற்றுவிட்டேன், பாக்கெட்தான். சுலபமாக வேண்டுமென்றால் முட்டைக்கோஸ், கேரட், வெள்ளரி, பூசணி பக்கம் திரும்புங்கள்.

கேள்வி (டீனெக்): பெசாக் வந்தாலே ஒரு மாதச் சம்பளம் போகிறது.

பதில்: இஸ்ரேலுக்கு வெளியே எட்டு நாள் பண்டிகை. கோதுமை, பார்லி, ஓட்ஸ் வகையறாவில், புளிக்காத ரொட்டியான மட்ஸா தவிர எதுவும் ஆகாது. என் கணவர் வீட்டார் அஷ்கெனாசி, அதாவது கிழக்கு ஐரோப்பா வழி வந்த யூதர்கள், அதனால் அரிசி, பருப்பு, சோளம், கடுகு எல்லாமும் கிடையாது. ஸ்பெயின் வழி வந்த செஃபார்டிகளில் பலருக்கு அரிசி உண்டு. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர்கள்மேல் பொறாமை.

பணம் போவது 'பெசாக் சேமியா', 'பெசாக் கேக்', 'பெசாக் சீரியல்' என்று மாற்றுச் சரக்கில். எட்டு நாளைக்கு இவை இல்லாமல் பிள்ளைகள் செத்துவிட மாட்டார்கள். உருளைக்கிழங்கு 50 பவுண்டு, முட்டை 15 டஜன், வெங்காயம், கேரட், ஆப்பிள் என்று நான் மூட்டையாக இறக்கிவிடுவேன். ஒன்றும் கலக்காத வெள்ளைச் சர்க்கரை, அயோடின் சேராத உப்பு, எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றுக்குத் தனி பெசாக் முத்திரை தேவையில்லை என்று ஆர்தடாக்ஸ் யூனியன் வருடா வருடம் வெளியிடும் கையேட்டிலேயே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கையால் செய்த வட்ட மட்ஸா தங்கம் விலை. பண்டிகையின் முதல் இரண்டு இரவு விருந்தான செடருக்கு மட்டும் எண்ணி வாங்குங்கள். மற்ற நாளைக்கு மெஷின் மட்ஸா. பில் ஒரு தொகையைத் தாண்டினால் ஐந்து பவுண்டுப் பெட்டியை இலவசமாகவே தரும் சூப்பர் மார்க்கெட்டுகள் இங்கே உண்டு.

வீட்டில் இருக்கும் கோதுமைச் சரக்கைத் தூக்கி எறியவும் வேண்டாம். ராபி மூலம் யூதரல்லாத ஒருவருக்கு விற்று, பூட்டி வைத்து, பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு காலங்காலமாக இருக்கிறது. என் பெருங்காய டப்பாவும் வருடத்துக்கு எட்டு நாள் வேறொருவர் சொத்து. பருப்பை விற்க வேண்டியதில்லை, கண்ணில் படாமல் வைத்தால் போதும்.

கேள்வி (பினே பிராக், இஸ்ரேல்): அக்கா, நான் இங்கே ஒரு பாட்டிக்குப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். வீட்டில் ஒன்பது பேர், சாமான் வாங்குவதும் என் பொறுப்பு. எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

பதில்: உங்கள் ஊரில் கோஷர் தேடி அலைய வேண்டாம், அதுவே பாதி மிச்சம். சாதாரண ரொட்டி, பால், முட்டைக்கு அரசாங்கக் கட்டுப்பாட்டு விலை உண்டு. அந்த வகையையே எடுங்கள், பக்கத்தில் பளபளப்பாக இருப்பதை அல்ல. தென் அமெரிக்காவிலிருந்து வரும் உறைந்த மாட்டுக்கறி, புதுக்கறியைவிட மலிவு. பெரிய குடும்பங்களுக்கென்றே பெரிய பெரிய பொட்டலம் வைத்திருக்கும் ஓஷர் அட் போன்ற கடைகள் உண்டு. வெள்ளி மதியம் சந்தை மூடும் நேரத்தில் காய்கறி விலை இறங்கும். ஆனால் அங்கே விளைந்த காய்க்குத் தசமபாகம் எடுத்தாயிற்றா என்று பார்க்க வேண்டும். மலிவாக இருக்கிறதே என்று சான்றிதழ் இல்லாத வண்டியில் வாங்கிவிடாதீர்கள், வீட்டம்மா சமைக்க விட மாட்டார்.

கேள்வி (லண்டன்): விலை ஏற ஏற நாம் வாயை மூடிக்கொண்டு வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: 1902 மே மாதம் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் கோஷர் கறி பவுண்டு 12 சென்ட்டிலிருந்து 18 சென்ட்டுக்கு ஏறியது. வீட்டுப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். கறிக்கடைக்குள் புகுந்து கறியை அள்ளி வீதியில் வீசினார்கள், கைதானார்கள். கடைசியில் விலை இறங்கியது. 2011இல் இஸ்ரேலில் ஒரு டப்பா காட்டேஜ் சீஸ் எட்டு ஷெக்கலைத் தொட்டபோது, ஃபேஸ்புக்கில் கூடி வாங்குவதையே நிறுத்தினார்கள், அங்கேயும் இறங்கியது. நான் தெருவுக்குப் போனதில்லை. பக்கத்து மூன்று வீட்டுக்காரர்களோடு சேர்ந்து கோழியைப் பெட்டிக் கணக்கில் எடுக்கிறேன், அவ்வளவுதான்.

கேள்வி (ஊர் வேண்டாம் என்று எழுதியவர்): கணவருக்கு வேலை போய் நான்கு மாதம். கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: அரசாங்க உணவு உதவி அட்டையைப் பல கோஷர் சூப்பர் மார்க்கெட்டிலும் வாங்கிக்கொள்கிறார்கள், முதலில் அதற்கு எழுதிப் போடுங்கள். தோம்ஹே ஷாபஸ் என்ற பெயரில் பல ஊர்களில் ஷபாத்துக்கான சாமான் பெட்டியை வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். பெசாக்குக்கு முன் 'கோதுமைப் பணம்' என்றே ஒரு தனி நிதி திரட்டும் பழக்கம் பல நூற்றாண்டாக இருக்கிறது. உங்கள் ராபியிடம் ஒரு வார்த்தை போதும்.

எங்களுக்கும் ஒரு வருடம் அப்படிப் போனது. வியாழன் இரவு வாசலில் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தால் பெட்டி மட்டும் இருந்தது, ஆள் இல்லை. திராட்சைச் சாறு, மாவு, பீன்ஸ், பார்லி, இரண்டு கோழி. நான் அழுதுகொண்டு நின்றேன். என் மாமியார் கோழியைத் திருப்பிப் பார்த்து, கழுத்தையும் உள்ளேயே வைத்திருக்கிறார்கள், சூப்புக்கு அடுப்பைப் பற்றவை என்றார்.