வாசகர் கேள்வி–பதில்: மண்ணீரல் பலவீனமும் குடல் பாக்டீரியாக்களும்

கேள்வி: அடிக்கடி வயிற்றுவலியும் பேதியும் வந்து, எரிச்சலூட்டும் குடல் நோய் என்று மருத்துவமனையில் கண்டறியப்பட்ட என் கணவருக்கு, சீன மருத்துவர் 'மண்ணீரல் பலவீனம்' என்று சொல்லி மூலிகைப் பொடி கொடுத்திருக்கிறார். குடல் பாக்டீரியாக்களின் சமநிலை குலைவதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள் என்கிறார் உறவினர் ஒருவர். இரண்டும் ஒன்றுதானா?
– வாசகி, சிங்கப்பூர்

பதில்: ஒன்றாகக் கொள்வது சரியாகாது. சீன மருத்துவம் பேசும் மண்ணீரல் என்பது உண்ட உணவைச் சத்தாக மாற்றி உடலெங்கும் கொண்டுசேர்க்கும் ஆற்றல். போரும் பஞ்சமும் சூழ்ந்த 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லி காவ் என்ற மருத்துவர், முறையற்ற உணவும் மிகுந்த உழைப்பும் மனக்கவலையும் இந்த ஆற்றலைக் குலைத்துப் பல நோய்களுக்கு வழிவிடுகின்றன என்று எழுதினார். நோயாளிகளைக் கூர்ந்து கவனித்தவர் கண்ட முடிவு அது. ஆயினும் நுண்ணோக்கி இல்லாத காலத்தில் பாக்டீரியாவைப் பற்றி அவர் அறிந்திருக்க வழியில்லை. அறியாத ஒன்றை அவர்மேல் ஏற்றிச் சொல்வது அவருக்குப் பெருமை சேர்க்காது.

அதே சமயம், மூலிகைகளுக்கும் குடல் பாக்டீரியாக்களுக்கும் உள்ள தொடர்பு மெய்யானது. பேதிக்குச் சீனர்கள் நெடுங்காலமாகத் தரும் ஹுவாங்லியனிலும், நம் மரமஞ்சளிலும் இருக்கும் பெர்பெரின் என்ற கசப்புப் பொருள் இரத்தத்தில் மிகச் சொற்பமாகவே கலக்கிறது. பெரும்பகுதி குடலிலேயே தங்க, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை எளிதில் உறிஞ்சப்படும் வேறு வடிவுக்கு மாற்றித் தருகின்றன. மலச்சிக்கலுக்குத் தரப்படும் தாஹுவாங் வேரும், திருநெல்வேலிப் பகுதியில் விளையும் நிலாவரை இலையும் இப்படித்தான்: அவற்றிலுள்ள சென்னோசைடுகள் பெருங்குடலை அடைந்து, பாக்டீரியாக்களால் சிதைக்கப்பட்ட பிறகே வேலை செய்கின்றன. ஒரே மருந்து இருவரிடம் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது என் கருத்து.

பலன் எப்படி என்றால், சான்றுகள் ஒரே திசையில் இல்லை. ஆஸ்திரேலியாவில் எரிச்சலூட்டும் குடல் நோய் உள்ள 116 பேரிடம் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், சீன மூலிகை பெற்றவர்கள் ஒப்பீட்டுக்காக மருந்துப்பொருள் இல்லாத போலி மருந்து பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். ஹாங்காங்கில் பேதி மிகுந்த வகை நோயாளிகளிடம் வேறொரு கூட்டு மருந்தைச் சோதித்து 2006இல் வெளியிட்ட ஆய்விலோ அத்தகைய வேறுபாடு தெரியவில்லை. ஆகவே பொடியில் என்னென்ன இருக்கின்றன என்று எழுதி வாங்கி, மருத்துவமனை மருத்துவரிடம் காட்டுங்கள். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, தூக்கத்தைக் கலைக்கும் பேதி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் பொடியை நம்பிக் காத்திருக்காதீர்கள். பெர்பெரின் உள்ள எதையும் பச்சிளங்குழந்தைகளுக்குத் தரவே கூடாது. அது காமாலையைக் கடுமையாக்கக்கூடும்.

கேள்வி: பழங்காலச் சீனாவில் மனித மலத்தையே மருந்தாகக் கொடுத்தார்கள் என்று படித்தேன். உண்மையா?
– வாசகர், மதுரை

பதில்: உண்மைதான். 4ஆம் நூற்றாண்டில் சீன மருத்துவர் கே ஹொங் எழுதிய அவசரகால மருத்துவக் கையேட்டில், நஞ்சுணவாலும் கடும் பேதியாலும் சாகக் கிடந்தவர்களுக்கு மலக் கரைசலைப் புகட்டிய குறிப்பு உள்ளது. மலேரியா மருந்துக்காக 2015இல் நோபல் பரிசு பெற்ற சீன விஞ்ஞானி டூ யூயூவுக்கு வழிகாட்டிய கையேடும் இதுவே. நம் காலத்தில் நெதர்லாந்தில், கடும் பேதியை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசீல் என்ற குடல் பாக்டீரியாத் தொற்று திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு நலமானவர்களின் மலக் கரைசலைக் குழாய் வழியே செலுத்தியபோது, 16 பேரில் 13 பேர் முதல் முறையிலேயே குணமடைந்தார்கள். வான்கோமைசின் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்து மட்டும் பெற்ற 13 பேரில் குணமானவர்கள் 4 பேரே. அந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஆனால் 2019இல் அமெரிக்காவில், சரியாகப் பரிசோதிக்கப்படாத மலத்திலிருந்து பரவிய, மருந்துக்கு அடங்காத ஈ. கோலை பாக்டீரியாவால் ஒருவர் உயிரிழந்தார். கொடையாளரையும் மலத்தையும் முழுமையாகச் சோதிக்கும் மருத்துவமனைக்கு வெளியே, வீட்டில் எவரும் இதை முயலக் கூடாது.