வலைக்கு ஈயக்குண்டு: பழைய ஈயத்தை வாங்கி வீட்டில் உருக்கலாமா?

கேள்வி: ஐயா, எங்களிடம் மூன்று வீச்சுவலை இருக்கிறது. மூன்றிலும் பாதி ஈயக்குண்டு உதிர்ந்துவிட்டது. கடையில் புதுக் குண்டு வாங்கக் கட்டுப்படியாகவில்லை. காயலான் கடையில் பழைய பேட்டரித் தகடு மலிவாகத் தருகிறார்கள், கார் சக்கரத்தில் மாட்டும் வீல் வெயிட்டும் இருக்கிறதாம். பழைய அலுமினியச் சட்டியில் போட்டு, கேஸ் அடுப்பில் உருக்கிக் கட்டிகளாக ஊற்றி வைத்துக்கொள்ள நினைக்கிறேன். எதை வாங்கினால் லாபம்? (தொண்டி வாசகர்)

பதில்: பேட்டரித் தகட்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள். கிலோ மலிவுதான், ஆனால் அந்த எடையில் பெரும்பங்கு உருக்கி எடுக்கக்கூடிய ஈயமாக இல்லை. தகட்டுச் சட்டத்துக்குள் அப்பியிருக்கும் பசை ஈய ஆக்சைடும் ஈய சல்பேட்டும். அதிலிருந்து ஈயத்தைப் பிரிக்கக் கரியும், ஆயிரம் டிகிரியை ஒட்டிய உலைச் சூடும் வேண்டும். வீட்டு அடுப்பில் சட்டம் மட்டும் கொஞ்சம் உருகும், மீதி அத்தனையும் கசடும் விஷத்தூளும்தான். பழைய தகடுகளில் ஈயத்தைக் கெட்டியாக்கும் ஆன்டிமனியும், ஆர்சனிக் என்ற நஞ்சும் கலந்திருக்கும். அந்தக் கசடில் ஈரம் பட்டால் ஆளைக் கொல்லும் வாயு கிளம்பக்கூடும். போதாததற்கு, 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரி பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

செனகல் நாட்டில் டக்கர் நகரை ஒட்டிய ஒரு பகுதியில் பேட்டரி ஈயம் பிரிக்கும் வேலை நடந்தது. 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் அங்கே இறந்துபோனார்கள். மண்ணில் கலந்த ஈயத்தூள்தான் காரணம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

வீல் வெயிட்டில் வேறு சிக்கல். எல்லாம் ஈயமில்லை, துத்தநாகமும் இரும்பும் கலந்தே வரும். பலவற்றில் Pb (ஈயம்), Zn (துத்தநாகம்), Fe (இரும்பு) என்று சின்னதாக அச்சிட்டிருக்கும், பார்த்துப் பொறுக்குங்கள். எழுத்து தேய்ந்திருந்தால் கீழே போட்டுப் பாருங்கள்: ஈயம் 'தொப்'பென்று விழும், துத்தநாகம் கணீரென்னும். ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகத்துக்கு 419 வேண்டும். சூடு மிஞ்சித் துத்தநாகமும் உருகிக் கலந்துவிட்டால் வார்ப்பு கஞ்சி மாதிரி திரண்டு, அச்சில் சரியாக இறங்காது. மாட்டும் கொக்கியுள்ள ஈய வெயிட்டிலும் ஆன்டிமனி இருப்பதால் கெட்டியாக இருக்கும். கயிற்றில் வைத்து நசுக்கினால் விண்டுபோகலாம்.

வலைக்கு வேண்டியது மிருதுவான ஈயம்: பழைய ஈயக் குழாய், ஈயத் தகடு, உங்கள் வலையிலிருந்து உதிர்ந்த பழைய குண்டு. வாங்குமுன் நகத்தால் கீறுங்கள், தடம் விழ வேண்டும். கத்தியால் சீவினால் வெள்ளிபோல் மின்னி, பிறகு மங்கும். காகிதத்தில் இழுத்தால் சாம்பல் கோடு விழும். இத்தனையும் பார்த்தபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சரி, உருக்குவது? வீட்டில் வேண்டாம் என்பதுதான் என் பதில். அலுமினியச் சட்டி அந்தச் சூட்டில் வலுவிழக்கும், அடி விட்டுவிட்டால் கிலோக்கணக்கில் கொதிக்கும் ஈயம் உங்கள் கால்மேல். குழாய்த் துண்டுக்குள் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அது நொடியில் ஆவியாகி, ஈயத்தை முகத்தில் வாரி அடிக்கும். ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்பார்கள். கசடை வழிக்கும்போது எழும் நுண்தூள் தரையிலும் லுங்கியிலும் தங்கிவிடுமே! தவழும் பிள்ளை அதே தரையில் கை வைத்து, அதே கையை வாயில் வைக்கும். குழந்தை இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது, மூளை வளர்ச்சிதான் அடிபடும். வீட்டில் முன்பே யாராவது உருக்கியிருந்தால் பிள்ளைகளுக்கு இரத்த ஈயப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

மிருதுவான ஈயத்தைச் சேர்த்து, குண்டு வார்க்கும் பட்டறையில் கொடுத்துக் கூலிக்கு வார்த்து வாங்க முடியுமா என்று விசாரியுங்கள். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எடை போடுங்கள். கசடு கொஞ்சம் கழியும், ஆனால் சுத்தமான குழாய் ஈயத்தில் பெரிதாகக் குறையக் கூடாது.

கேள்வி: அப்படியென்றால் ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் விஷமா?

பதில்: இல்லை அம்மா, அது வெள்ளீயம், வேறு உலோகம். மேலே சொன்னது காரீயம். ஆனால் விலை குறைக்கக் காரீயம் கலந்து விற்பவர்களும் உண்டு. காகிதத்தில் சாம்பல் கோடு அழுத்தமாக விழும் சொம்பை வாங்காதீர்கள். கோடு விழாததாலேயே நல்லது என்றும் முடிவு கட்ட முடியாது, சிறு கலப்படம் கருவியில்தான் தெரியும். ரசீதில் 'சுத்த வெள்ளீயம்' என்று எழுதித் தராத கடையில் வாங்க வேண்டாம். அப்புறம், வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். ரசத்தை ஊற்றிய பிறகே சொம்பை அடுப்பில் ஏற்றுங்கள்.